சும்மா போட்டுவிட்ட எழுத்து

குணம் அண்ணனின் மனைவி சரோஜினி அக்கா தொலைபேசியில் சொன்னது கொஞ்சம்தான். "நூர்ஜான், அண்ணர் காலமை போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிஞ்சுது." கடையில் ஒரு கல்யாண அழைப்பிதழ் திரையில் பாதியில் நின்றது. எதிரில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்க்கா" என்று எழுந்து போனார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சாவுச் செய்தி காதில் விழுந்தால் நாங்கள் ஓத வேண்டிய வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் என் வாய், "அட மனுஷா, பதில் சொல்லாமலே போயிட்டீங்களே!" என்றது.

குணரத்தினம் என்கிற குணம் அண்ணனை அறிந்தவர்களே, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு இப்படி ஒரு நினைவுப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். எங்கள் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. நான் பினாங்கில் நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடை வைத்திருந்தவர் மகள். முன்பக்கங்களில் அவருடைய நேர்மையையும் பக்தியையும் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று அக்கா கேட்டபோது, "நான் எழுதினா நல்லா இருக்காதுக்கா" என்றேன். "நல்லா இருக்கவேணுமெண்டு ஆர் கேட்டது? உள்ளதை எழுது" என்றார். உள்ளதை எழுதுகிறேன்.

அவர் முதலில் எங்களிடம் வந்தது சாப்பிடத்தான். அப்போது அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிராணி, குமாஸ்தா வேலை. தினமும் ஃபெரி ஏறிப் போய் வருவார். அத்தாவின் கடைப் பின்கட்டில் நான் கோயில் நோட்டீஸ்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் தூரிகையால் எழுத்து எழுதிக்கொண்டிருப்பேன். கை கழுவ வந்தவர் நின்று பார்த்தார். "இந்த ழகரத்த எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். "படிக்கல அண்ணே. சோத்துக் கடையில வளந்தவ, கறிக் கரண்டி மாதிரி வளச்சுட்டேன்" என்றேன். ஈரக் கையை உதறக்கூட மறந்து அப்படிச் சிரித்தார். அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு, குவீன் ஸ்ட்ரீட் பக்கத்தில் மாடியறை ஒன்று பிடித்து, என்னையும் கூட்டாகச் சேர்த்துக் கடை தொடங்கினார். குணநூர் ஆர்ட்ஸ். அவர் பெயரில் பாதி, என் பெயரில் பாதி. அவருக்குக் கணினி, எனக்குத் தூரிகை.

தைப்பூசம் நெருங்கிய ஒரு நாளில் தண்ணீர்மலை முருகன் கோயில் அன்னதானக் குழுவினர் போஸ்டர் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் அண்ணன் கணினியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டேன். "இந்த மெசின்ல இருக்கிறது பூரா திருட்டு சிடி. படம் போடுறது, எழுத்து கோக்குறது, எல்லாம் களவு. களவெடுத்த சாமான்ல சாமி காரியம் செய்யக் கூடாது நூர்ஜான்" என்றார். "உங்க முருகன் ரசீது கேட்டாரா அண்ணே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் போஸ்டரை முழுவதும் என் கையால் எழுத வைத்தார். தைப்பூசம் முடிந்த கையோடு கணினியில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டு, பல்கலைக்கழக நண்பர் ஒருவர் கொடுத்த லினக்ஸ் தட்டுகளைக் கொண்டுவந்து ஏற்றினார்.

அம்மாடி, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. அது யாரும் விற்காத, யாரும் வாங்காத, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று விட்டுவைத்த இயங்குதளம். திருத்தலாம் என்றால், திருத்தாமல் ஓடாது என்று அர்த்தம். திரை கறுத்துக்கொண்டு நிற்கும். அச்சுப்பொறி வேறு யாரையோ கட்டிக்கொண்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வந்த கல்யாண வேலைகள் எதிர்க்கடைக்குப் போயின. "நல்லா ஓடிக்கிட்டிருந்த மோட்டார் கெரேத்தாவ கழட்டிப் போட்டுட்டு மாட்டு வண்டிய பூட்டுறீங்களே அண்ணே!" என்று நான் கத்தாத நாள் இல்லை. அவர் மட்டும் அசையவில்லை. எந்த நாட்டிலோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்புவார். பதில் வந்துவிட்டால் உரக்க வாசித்துக் காட்டுவார். "பாருங்க, எவனோ ஒருத்தன் தன் வேலைய விட்டுட்டு நமக்குச் சொல்லித் தர்றான். எதுக்கு? சும்மா!" என்பார். அந்தச் 'சும்மா'வைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

எனக்கும் ஒரு நாள் அது பிடித்துத்தான் போயிற்று. அந்தப் படம் வரையும் நிரலில் ஒரு மயில் கழுத்தின் நீலத்தை நானே குழைத்து எடுத்தேன். திருட்டுத் தட்டில் கிடைத்ததைவிட நல்ல நீலம். "இப்ப என்ன சொல்றீங்க?" என்றார். "மாடு நல்லாத்தான் ஓடுது" என்றேன். ஆனால் அதில் எங்கள் வேலைக்கு ஏற்ற தமிழ் எழுத்துரு இல்லை. அழைப்பிதழ் அடிக்கும் கடையில் தமிழ் இல்லாமல் என்ன செய்வது? "நாமே செஞ்சிடலாம். நீங்க வரைங்க, நான் உள்ள ஏத்துறேன்" என்றார்.

வரைந்தேன். மாதக்கணக்கில் வரைந்தேன். ஒவ்வோர் எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதி, பிடிக்காமல் கிழித்து, மறுபடி எழுதினேன். அவர் அவற்றைப் புள்ளி புள்ளியாகத் திரையில் பிடித்தார். ஓரிடத்தில் கோடு மெலிந்தாலும், "கோவத்துல எழுதினீங்களா?" என்று கண்டுபிடித்துவிடுவார். பொம்பளைப் பிள்ளை பலகை எழுதுகிறாள் என்று அத்தா வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. நான் எழுதிய எதிலும் என் பெயர் இருந்ததில்லை. ஆனால் ஜார்ஜ் டவுனில் ஒரு நோட்டீஸைத் தூரத்தில் பார்த்தே, "நூர்ஜான் கை" என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். அந்த எழுத்துக்காகவே படியேறி வந்தார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அது குணம் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பகல் வேளை. கல்யாண வீட்டார் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். பெண்ணின் அம்மாவுக்கு மெரூன் வேண்டும், அத்தைக்குப் பச்சை வேண்டும். பொன் கரை, எழுத்துக்கு நிழல், மூலைக்கு மூலை குத்துவிளக்கு என்று ஆளுக்கொன்று கேட்டு என் காதைக் குடைந்துகொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "நூர்ஜான், எழுத்த சும்மா போட்டுறவா?"

நிழலும் கரையும் இல்லாமல் வெறுமனே போடட்டுமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன நினைப்பது? "போடுங்க அண்ணே. இதையுமா கேக்கணும்லா?" என்று சொல்லிவிட்டு மறுபடி மெரூனோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன்.

அதற்குப் பின் வந்த ஆண்டில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க நிபோங் திபால் பக்கம் போயிருந்தேன். பைராம் தோட்டத்து வாசலில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. என் எழுத்து. ழகரத்தில் என் கரண்டி. இதை நாம் எப்போது அடித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. கீழே வேறோர் அச்சகத்தின் பெயர் இருந்தது. தேடிக்கொண்டு போய்க் கேட்டேன். அங்கிருந்த தம்பி ரொம்பப் பெருமையாகச் சொன்னார். "நல்லா இருக்குல்லக்கா? இண்டர்நெட்டுல கெடைக்குது. பெர்சுமா. யாரோ குணரத்தினமாம், நம்ம பினாங்குக்காரர்தான். யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு போட்டுட்டாரு. நல்ல மனுசன்லா." மலாயில் பெர்சுமா என்றால் இலவசம். வீண் என்றும் பொருள் உண்டு. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடியது. வழியில் கண்ணில் பட்ட இரண்டு கடைப் பலகைகளிலும் என் கைதான்.

மாடிப்படி ஏறிய வேகத்தில் கேட்டேன். "என் எழுத்த ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுத்தீங்களா?" அவர் திடுக்கிடவில்லை. அதுதான் என்னை முதலில் குத்தியது. "கேட்டுட்டுத்தானே போட்டேன். நீங்க சரின்னீங்களே" என்றார்.

"எப்பக் கேட்டீங்க?"

"அந்தக் கல்யாண வீட்டு ஆளுங்க வந்தன்னிக்கு. சும்மா போட்டுறவான்னு கேட்டேன்."

"சும்மான்னா அதுவா அர்த்தம்?"

"சும்மான்னா சும்மாதானே" என்றார்.

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? ஓர் அழைப்பிதழில் 'மங்கல'மா 'மங்கள'மா என்று அரை நாள் வாதாடுகிறவர். வாடிக்கையாளர் வாயில் தவறி விழுந்த ஒற்றைச் சொல்லையும் நிறுத்தி அர்த்தம் கேட்கிறவர். அவருக்கா 'சும்மா'வின் அர்த்தங்கள் தெரியாது?

திருப்பி எடுங்கள் என்றேன். முடியாது என்றார். ஒருமுறை அப்படி வெளியே விட்டால் விட்டதுதானாம். "நாம உபயோகிக்கிற சாமான் பூரா யார் யாரோ செஞ்சு வச்சது நூர்ஜான். பந்தியில உக்காந்து தின்னா மட்டும் போதாது, ஒரு நாளாவது நாமளும் சமைச்சு வைக்கணும்" என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. அதனாலேயே இன்னும் எரிந்தது. "சமைச்சது யாரு? நான். பேரு யாரோடது?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "உங்க அத்தா சங்கடப்படுவாரோன்னு..." என்று இழுத்தார். திருட்டு சிடியில் சாமி போஸ்டர் அடிக்க மாட்டேன் என்ற மனிதர்தான் இவர்!

பிறகு என் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினார். அங்கே பட்டியலைப் பார்த்துக்கொள்கிற எவனோ எழுத்துப்பிழை என்று நினைத்து 'நூர் ஜான்' என்பதில் ஜானை வெள்ளைக்கார ஜானாகத் திருத்திவிட்டான். இன்றைக்கும் எங்கெங்கோ இருந்து மிஸ்டர் ஜானுக்கு நன்றி வருகிறது. அவர் மிகவும் வருத்தப்பட்டார். நான் சிரித்துவிட்டேன், அழுவதற்குப் பதிலாக.

கடையை விட்டு நான் போகவில்லை. போக வேறிடம் இல்லை. ஆனால் எங்கள் பேச்சு வேலைப் பேச்சாகக் குறுகிப்போனது. காலையில் எனக்கும் சேர்த்து கோப்பி ஓ என்கிற கடுங்காப்பி வாங்கி வைப்பார். குடிப்பேன். எப்போதாவது மனம் பொறுக்காமல், "நிஜமா கேட்டீங்களா, இல்ல கேட்ட மாதிரி வச்சிக்கிட்டீங்களா?" என்பேன். "கேட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. என்றைக்காவது வரும் என்று காத்திருந்தேன்.

சாவு வீட்டுக் கூட்டம் கலைந்தபின் சரோஜினி அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டார். "உன்னட்டச் சொல்லவேணும். அவர் எனக்குச் சொன்னவர். நேர கேட்டா அவ ஓமெண்டு சொல்லமாட்டா, அதான் ஆக்கள் நிக்கேக்க சுத்தி வளைச்சுக் கேட்டனான் எண்டு. பிழையெண்டு நான் சொன்னனான். உன்னட்டச் சொல்லப் பயந்துபோய் இருந்திட்டார்" என்றார்.

ஆக, ஏமாற்றித்தான் வாங்கியிருக்கிறார். திட்டமிட்டு, கூட்டம் பார்த்து, சொல் பார்த்து. எழுத்து போனதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். எனக்குக் கொடுக்க மனம் வராது என்று எப்படி அவராகவே முடிவு செய்தார்? இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என் கோட்டில் கோபம் இருக்கிறதா என்று கண்டுபிடித்த மனிதர், என்னைப் பற்றி நினைத்து வைத்திருந்தது இவ்வளவுதானா? நேராகக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவர் எனக்குத் தரவில்லை. இறந்துபோன மனிதரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். நான் அவரை என் கூடப்பிறந்தவராக நினைத்தேன். நினைத்ததனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அன்று அக்கா இன்னொன்றும் கேட்டார். "கல்வெட்டுக்கு உன்ர எழுத்தைப் போடலாமோ, நூர்ஜான்?"

அதை எடுக்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கணினியிலேயே அது இருக்கிறது. இருந்தும் கேட்டார். அந்த எழுத்து வெளியே போன நாளிலிருந்து என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அப்போதுதான் அழுதேன். அவர் மடியில் தலையை வைத்து, வெட்கமில்லாமல், ஊர் கேட்க அழுதேன். பிறகு, "உள்ளே பூரா போடுங்கக்கா. அட்டையில அண்ணன் பேர மட்டும் நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

நீங்கள் அட்டையில் பார்ப்பது அதுதான். அந்த ணகரத்தை, அந்த மிரளாத மூன்று சுழியை, நான் இதற்கு முன் எங்கும் இப்படி எழுதியதில்லை. நாலைந்து நாள் எழுதி எழுதிக் கிழித்த பிறகு வந்தது. எந்தக் கணினியிலும் ஏற்றவில்லை. இனி ஏற்றப் போவதும் இல்லை. அச்சகத்திலிருந்து மூலத்தாளை அன்றே திருப்பி வாங்கிக்கொண்டேன். குணம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்: என் கையால் எழுதிய அவர் பெயர். யார் எப்படிக் கேட்டாலும் அதைக் கொடுக்க மாட்டேன்.