நான் கொடுத்த பாட்டுப் பிரதி

இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் குடியேறிய அம்மருட் என்ற இடத்தில், எங்கள் மாடிவீடுகளுக்குக் கீழே ஒரு தமிழ்ப் புத்தகக் கடை இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் நடந்திருக்கும். முன்பக்கம் பஞ்சாங்கமும் பிள்ளைகளின் அரிச்சுவடியும், பின்பக்கம் கதைப் புத்தகங்கள். திருகோணமலைக்காரர் ஒருவர், காலையில் துப்புரவு வேலை முடித்து வந்து மத்தியானம் திறப்பார். நான் அவ்வளவு படித்தவள் இல்லை. சாமிப் புத்தகம் வாங்கத்தான் போவேன்.

ஒரு நவராத்திரிக்கு முன்னம் நானே போய்ச் சொன்னேன். “அண்ணை, எங்கட வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஐம்பது பாட்டுப் புத்தகம் எடுப்பியுங்கோ. ஆளுக்கொண்டு வாங்குவினம்.”

“ஆக்கள் வராட்டி ஐம்பதையும் வைச்சு நான் தனியப் பாடுறதோ, தங்கச்சி?” என்று சிரித்தார். ஆனாலும் எடுப்பித்தார்.

பெட்டி வந்த அன்றே ஒன்று வாங்கிப் பூசைக்குக் கொண்டுபோனேன். ஒருத்தி விலையைப் பார்த்துவிட்டு, “கடவுளின்ரை பாட்டுக்கும் காசோ? என்ரை மனுசன்ரை வேலையிடத்திலை கொப்பி மெசின் சும்மாதானே நிக்குது!” என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் கூடச் சந்தோஷம். ஐம்பது பிரதியையும் என் சாப்பாட்டு மேசையில் வைத்து அடுக்கினேன். ஸ்டேப்பிள் அடித்து, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பொட்டும் வைத்தேன். புண்ணியம் செய்கிறேன் என்ற நினைப்பு. கடையில் கிடந்த பெட்டி ஒருதரமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நவராத்திரி முதல் நாள் பூசையன்று வாசலில் நின்று பிரதிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் கடைக்கார அண்ணையும் வேட்டியோடு வந்தார். யாரென்று பார்க்குமுன்னமே என் கை நீட்டிவிட்டது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்து பார்த்தார். அவரிடம் வாங்கிய புத்தகத்தில் நான் பென்சிலால் போட்டிருந்த அடையாளம்கூட அதில் அப்படியே விழுந்திருந்தது.

“வடிவாய் வந்திருக்கு, தங்கச்சி” என்றார். உள்ளே போய் இருந்து எல்லோரோடும் சேர்ந்து பாடினார். அன்று என்னால் ஒரு வரி பாட முடியவில்லை.

அடுத்த நாள் கடைக்கு ஓடினேன். “அண்ணை, அந்தப் புத்தகம் எல்லாத்தையும் நானே எடுக்கிறன்.”

“எடுத்து என்ன செய்யப்போறியள்? உங்களுக்கு ஒரு வாய்தானே.” இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “உங்களை மட்டும் பிழை சொல்லேலாது. ஊருக்குப் போறவை சூட்கேசிலை புத்தகம் கொண்டு வருகினம். இஞ்சை ஒருத்தர் வாங்கினால் பத்து வீட்டுக்குப் போகுது. ஒருத்தரும் கெட்ட மனசிலை செய்யேல்லை. அதுதான் எனக்கு ஆரோடை கோவிக்கிறதெண்டு தெரியேல்லை. இந்த மாதத்தோடை கடையை விடுறன்.”

விட்டுவிட்டுத் திராமன் என்ற வேறு ஊருக்குக் குடிபோனார். அந்த இடத்தில் வெள்ளைக்காரர் காசு கொடுத்து, வெயில்போல் சுடும் மெசினுக்குள் படுத்து உடம்பைக் கறுப்பாக்கிக்கொள்ளும் கடை வந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அம்மாளிடம் எத்தனையோ தரம் அழுதுவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

போன கிழமை லிஃப்டில், புதிதாக வந்த தமிழ்நாட்டுப் பிள்ளையொருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். “அக்கா, இங்க தமிழ் புக்ஸ் எங்க கிடைக்கும்? பக்கத்துல கடை இருக்கா?”

“இல்லையம்மா” என்றேன். என் மாடி வரும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.