விரதம் என்று பேர் வைத்த பட்டினி

நம் கோயில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் நான் விரதக்காரி கோமதி. செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி என்று முன்பெல்லாம் ஒன்றையும் விடமாட்டேன். "கோமதி மாதிரி பக்தி யாருக்கும் வராது" என்று நீங்கள் சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் நடந்த கூத்தை இன்று சொல்லிவிடுகிறேன். முருகன் என்னை அதிலிருந்து மீட்டுவிட்டான். அதனால்தான் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் வீடியோவில் ஊருக்குப் பேசினால், அத்தை எடுத்த எடுப்பில் "என்னடி, நல்லா பூசினாப்ல ஆயிட்ட?" என்பார். அங்கேதான் ஆரம்பித்தது. பகலெல்லாம் பட்டினி கிடப்பேன். அதற்கு விரதம் என்று பேர் வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வேலை முடிந்ததும் வெஸ்ட்கேட் கடைவளாகத்துக் கார் பார்க்கில் வண்டிக்குள் உட்கார்ந்து பிரெட், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று கைக்கு வந்ததையெல்லாம் தின்பேன். ருசி தெரியாது, நிறுத்தவும் முடியாது. வீட்டுக்குப் போனதும் வாந்தி எடுப்பேன். அப்புறம் அழுகை. மறுநாள் இன்னும் கடுமையான விரதம்.

என் வீட்டுக்காரர் செந்திலுக்கு எதுவும் தெரியாது. முருகனிடம் மட்டும் அழுதேன். "இந்தப் பேய்ப் பசிய எடுத்துடு முருகா, உனக்கு இன்னொரு விரதம்கூட இருக்கேன்" என்று வேண்டிக்கொண்டேன். எப்படிப்பட்ட வேண்டுதல் பாருங்கள்! எரிகிற அடுப்பில் விறகைச் சொருகிவிட்டு, அணைத்துக் கொடு என்று கேட்ட மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு முன் கந்த சஷ்டியில், கோயிலில் தீபாராதனை நேரத்தில் மயங்கி விழுந்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். "அருள் வந்துடுச்சு" என்று யாரோ சொல்ல, இன்னொருவர் நெற்றி நிறைய விபூதி பூசினார். சிலர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஐயோ, அதெல்லாம் இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. செந்தில்தான் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிப்போயிருந்தது. இப்படியே போனால் இதயம் நின்றுவிடலாம் என்றார் டாக்டரம்மா. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாயா என்று நேராகவே கேட்டார். செந்தில் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்றேன்.

சிகிச்சையோடு சேர்த்து, சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவர வீட்டில் நாமே செய்யும் ஒரு பயிற்சியையும் கொடுத்தார்கள். முதலில் வந்த ஆங்கிலப் புத்தகத்தில் காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ், மதியம் சாண்ட்விச். மாமியார் வந்தால் என் தட்டில் கேட்காமலே தோசை வந்து விழும். அதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. ஓரமாக வைத்துவிட்டேன். பிறகு நம் மாதிரிப் பெண்களுக்காக மாற்றி எழுதிய பயிற்சி கிடைத்தது. போனிலேயே படிக்கலாம். அதில் இட்லி இருந்தது, கல்யாணப் பந்தி இருந்தது, உடம்பைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசும் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் இருந்தது. அந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களில் ஒருவரான சிவகலா அக்கா வாராவாரம் போன் பண்ணி வழிகாட்டுவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், எந்த வேளையையும் விடக்கூடாது. பாடம் அவ்வளவுதான். ஆனால் விரதம் இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்! "சாமி விஷயத்துல தலையிட நீங்க யாருங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஓம், கோவம் வரும்தான்" என்றார் அவர். "ஒண்டு கேக்கிறன். விரதம் இருக்கிற நாளில நீங்கள் கும்பிட்ட நேரம் கூடவோ, வயித்தைக் கண்ணாடியில பாத்த நேரம் கூடவோ?"

சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். "முருகா, அந்த விரதத்துல நீ இல்லவே இல்ல. குண்டாயிடுவேங்கற பயந்தான் இருந்துச்சு. இனிமே என்ன செய்யணும்னு நீயே காட்டு." பொய் கலக்காமல் நான் அவனிடம் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் செந்திலோடு கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "உடம்புக்கு முடியாதவாளுக்கு விரதமே கிடையாதும்மா. யாரு உன்னை இருக்கச் சொன்னா? பொங்கல் சூடா இருக்கு, ரெண்டு பேரும் உக்காந்து சாப்ட்டுட்டுப் போங்கோ" என்றார். கனவில் வேலோடு வந்து பதில் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். முருகன் சர்க்கரைப் பொங்கலை அனுப்பினான்.

சாப்பிட்டேன். முடித்ததும் கால் பாத்ரூம் பக்கம் இழுத்தது. செந்தில் கையை இறுகப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தத் துடிப்பு மெல்ல அடங்கியது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். நடுவில் சறுக்கினேன். "சறுக்கினாலும் அடுத்த வேளையை விடாதேங்கோ" என்பார் சிவகலா அக்கா. நான் விடவில்லை. பல மாதங்களாக வாந்தி இல்லை. ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக வருகிறது.

இங்கே யாராவது என் மாதிரி தவித்துக்கொண்டிருந்தால், முருகனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். உதவியை யார் குரலில் அனுப்புவான் என்று அவனுக்குத்தான் தெரியும். கேட்கும்போது கோபம் வந்தாலும் போனை மறுபடி எடுங்கள்.

இன்று கந்த சஷ்டி. உங்களில் பாதிப் பேர் விரதம். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து அவன் சந்நிதியில் நிற்கிறேன். எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை.