எல்ட்ரெட் காட்டிய மூக்குகள்

படகு மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்ட கடற்புல்லை அறுத்தெடுத்ததுதான் ஐவரினும் அவள் அப்பா எல்ட்ரெட்டும் சேர்ந்து செய்த கடைசி வேலை. சின்ன வேலைதான். அவள் அறுத்தாள், அவர் பக்கத்தில் நின்று பேசினார். அதனால் மத்தியானம் முழுக்க ஆயிற்று. முடிந்ததும், "ரெண்டு பேருமா சேந்து முடிச்சிட்டோம்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அது.

பெலீஸ் நாட்டின் கேல்ஸ் பாயின்ட் காயலில், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கடற்பசு காட்டும் படகோட்டிகள் பலர். எல்ட்ரெட் படகில் மட்டும் கடற்பசு வராவிட்டாலும் யாருக்கும் குறை தெரியாது. அவ்வளவு கதை சொல்வார். ஒருமுறை மிதந்து வந்த மரக்கட்டையைக் கடற்பசு என்று காட்டினார். கொக்கு ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்தது. அது தூங்குகிறது, கொக்குக்கும் அதற்கும் பழக்கம் உண்டு என்று சமாளித்தார். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து படகுத்துறையில் அவர் பெயர் கட்டை எல்ட்ரெட்.

அவர் போனபின் வந்த ஈஸ்டர் விடுமுறைக்கு வெர்லீன் டீச்சர் பெலீஸ் சிட்டியிலிருந்து வந்து இறங்கினார். ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வந்து எல்ட்ரெட் படகில்தான் ஏறுவார். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் மூக்குதான். தண்ணீருக்கு மேல் இரண்டு ஓட்டை, ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். போன ஈஸ்டரில் எல்ட்ரெட் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார், அடுத்த தடவை வாலோடு முழுசாகக் காட்டுகிறேன் என்று. டீச்சரின் முழங்கால் இந்த ஈஸ்டரோடு சரி, அதற்குமேல் படகு ஏற விடாது. அடுத்த தடவை என்று ஒன்று இனி இல்லை.

ஐவரினுக்குத் தலைநகர் பெல்மோபனில் ஆற்று நீர்மட்டக் கருவிகளைப் பராமரிக்கும் உத்தியோகம். லீவு போட்டுவிட்டு வந்து, அப்பா கொடுத்த வாக்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

துறையில் ஒருவன், "கட்டை மவளே, கட்டை ஏதாச்சும் கைவசம் இருக்கா? நான் வேணா ஒண்ணு தரேன்" என்றான்.

"வேணாம்" என்றாள்.

காயலின் ஆழமான பள்ளத்தின் ஓரத்தில் மோட்டாரை அணைத்து, கழியை ஊன்றிப் படகைக் கட்டினாள். டீச்சர் டப்பாவைத் திறந்து ஜானி கேக் ரொட்டி ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்பாவாக இருந்தால் இந்நேரம் பலகையைக் காலால் உதைத்து உதைத்து, கதையில் நாலு பேரைச் சாகடித்து, அதில் இரண்டு பேரை எழுப்பியும் விட்டிருப்பார். இவள் கருவி முன்னால் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்தது மூக்குதான். டீச்சர் பழைய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனால் அது உள்ளே போகவில்லை. பாசி பிடித்த முதுகு எழுந்தது. பக்கத்தில் குட்டி. பெரியது படகின் அடியில் முதுகைச் சொறிந்துகொள்ள, ஜானி கேக் டப்பா உருண்டது. கடைசியில், முறம் அகலத்துக்கு வால். போகிற போக்கில் டீச்சரின் மடியை நனைத்துவிட்டுப் போனது.

இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒன்று தோன்றியது. டீச்சர்தான் வாய்விட்டுச் சொன்னார்.

"ஐவி, தப்பா எடுத்துக்காத. இத்தன வருஷமா இதுங்கள வெரட்டினதே உங்கப்பாதான்."

"பேசியா?"

"பேசி, பலகைய உதைச்சு."

ஐவரின் சிரித்தாள். பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிப் பாவாடையைப் பிழிந்தார்.

திரும்பலாமா என்று ஐவரின் கேட்டபோது அவர் அசையவில்லை. வால் கிடக்கட்டும், கதை ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். போன வருஷம் எல்ட்ரெட் ஒரு கதையைப் பாதியில் விட்டிருந்தார். முல்லின்ஸ் ரிவர் ஊர்ப் பாதிரியார் காளைக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடுகிறார். காளை வெளியே நிற்கிறது. சர்ச்சில் பூசைக்கு மணி அடிக்கிறது.

"அப்புறம்?" என்றாள் ஐவரின்.

"அதத்தான் நான் கேக்கறேன். முடிவு அவருக்கே தெரியாதாம். அங்க இருக்கற மச்சான்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்னாரு."

முல்லின்ஸ் ரிவர் போகணும், முல்லின்ஸ் ரிவர் போகணும் என்று அப்பா வருஷம் பூரா சொல்லிக்கொண்டிருந்தது எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"போனாரா?" என்று கேட்டார் டீச்சர்.

"போகல டீச்சர்."