சொல்லாமல் கிளம்பிய வேன்

பூபதி மாதிரி ஒரு மனுசனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது? 2006இல் ஓசூர் சிப்காட் பக்கத்து லைன் வீட்டில் அவனுக்கும் எனக்கும் ஒரே சுவர். அவன் பைக் உதிரிபாகக் கம்பெனியில் ஆபரேட்டர். அவன் மனைவி ரஞ்சிதா குழாயடியில் கொஞ்சம் தாமதித்தால் போதும், அவள் துணிகளைத் தெருவில் எறிந்து, "யாரோட போகப் பாக்குற?" என்று கத்துவான். பிறகு அவள் காலைப் பிடித்து அழுவான். மறுநாள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஷிப்டுக்கு ஓடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரஞ்சிதா கூட்டிப்போய்க் காட்டிய மனநல டாக்டர், ஆளுமைக் கோளாறு, தொடர்ந்து வர வேண்டும் என்றாராம். நாலு பேருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று இவன் ஒரே தடவையோடு நிறுத்திவிட்டான்.

ரஞ்சிதாவுக்கு வளைகாப்பு. கல்லாவியிலிருந்து அவள் அம்மா நாகம்மாள் வேன் பிடித்து உறவோடு வந்தார். அவர்கள் வழக்கத்தில், வளையல் போட்டதும் பிள்ளைத்தாய்ச்சி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பிறந்தவீடு கிளம்ப வேண்டும். மதுரைப் பக்கத்துக்காரனான பூபதிக்கு அது தெரியாது. ஒருத்தரும் சொல்லவும் இல்லை. "மாப்ள, வழிக்குக் கொஞ்சம் வாழப்பழம் வாங்கினு வாங்க" என்று நாகம்மாள் அவனைக் கடைக்கு அனுப்பினார். அதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறதென்று வேன் கிளம்பிவிட்டது.

பழத்தோடு வந்தவன் காலி வீட்டைப் பார்த்தான். பையைப் போட்டுவிட்டு ஓடினான். மூடியிருந்த ரயில்வே கேட்டில் நின்ற வேனின் கதவைத் திறந்து, வயிற்றுப் பிள்ளைக்காரி என்றும் பாராமல் ரஞ்சிதாவின் கையைப் பிடித்து இழுத்தான். வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டைக் கிழித்தன. உறவுக்காரர்கள் அவனை அடித்துத் தள்ளினார்கள். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றார் நாகம்மாள். கேட் திறந்ததும் வேன் ரஞ்சிதாவோடு போய்விட்டது.

அன்று சாயங்காலம் கதவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். நான் சும்மா விடவில்லை. "புள்ளத்தாச்சிய இழுத்தியே, நீயெல்லாம் மனுசனா?"

"ஆறு வயசுல எங்கம்மா கருப்பாயி என்னைய பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சுட்டு, பன் வாங்கியாரேன்னு போச்சுக்கா. வரவே இல்ல. விடுதியிலதான் வளந்தேன். பெத்தவளே வேண்டாம்னு போட்டுட்டுப் போன பயன்னு எப்படிக்கா சொல்றது? ரஞ்சிதாட்டகூட சொன்னதில்ல."

"அதுக்கு அவ கையத்தான் கிழிப்பியா?"

"என்னைய நெனச்சா எனக்கே கூசுதுக்கா" என்றான். பாவமாக இருந்தது. கோபமும் தீரவில்லை.

பெண் குழந்தை பிறந்த சேதி வந்ததும், துணைக்கு வரச்சொல்லி என்னிடம் கெஞ்சினான். கல்லாவியில் நாகம்மாள் உள்ளே விடவில்லை. ரஞ்சிதாவே குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு கதையைத் தலை நிமிராமல் அவளிடம் சொன்னான். அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். மணிக்கட்டுத் தழும்பு தெரிந்தது. அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வீட்டுக்கு வந்துருவியா?" என்றான்.

"நான் இப்ப வர்ல. டாக்டர்கிட்ட ஒழுங்கா போங்க. உங்களப் பாத்தா எனக்குப் பயம் போவணும், அப்பத்தான் வருவேன். பயம் போவலன்னா, வர்லன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். சொல்லாம உட மாட்டேன்."

கத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவன் குழந்தையை அவளிடமே கொடுத்தான். வாசப்படியை விட்டு இறங்கினான்.

"போய்ட்டு வாரேன் ரஞ்சிதா" என்றான்.