டாரட் மேசையில் நான் மறைத்தது

முதல் தடவை டாரட் சீட்டு ஜோசியம் பார்க்கப் போனபோது ஒரு பையில் வெற்றிலை, பாக்கு, ஆறு வாழைப்பழம், என் மகளின் ஜாதகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள். அறுபத்தாறு வயதில் எனக்குத் தெரிந்த முறை அதுதான். ஜோசியரிடம் போனால் தட்டில் வைத்துக் கொடுப்போம், அவர் கட்டத்தைப் பார்ப்பார், நாம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம்.

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அதில் முக்கியம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எதற்காக வந்தோம் என்பதை ஜோசியரிடம் சொல்லிவிடக் கூடாது. அவராகக் கண்டுபிடித்தால் கெட்டிக்காரர், இல்லாவிட்டால் அடுத்தவரைப் பார்க்கலாம். "தானாச் சொல்றாரான்னு பாப்போம்" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்வோம். இத்தனைக்கும் நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் தாதியாக வேலை பார்த்தவள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று மல்லுக்கட்டும் நோயாளிகளை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அது வேறு, இது வேறு என்று அப்போது நினைத்தேன்.

தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல் மாடியில் அந்த அறை. சீட்டுப் பார்ப்பவள் தமிழ்ப் பெண்தான், நாற்பது வயது இருக்கும். வாரம் முழுக்கக் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் இங்கே. "வாங்க ஆன்ட்டி" என்றாள். நாற்பது வயதுக்காரிக்கு நான் என்ன ஆன்ட்டி என்று சுருக்கென்றது. வாழைப்பழங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மரியாதையாக வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். ஜாதகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது வேணாம் ஆன்ட்டி. பிறந்த நேரம், நட்சத்திரம் எதுவும் இதுக்குத் தேவையில்லை. உங்க கேள்வி என்னன்னு சொல்லுங்க, போதும்."

"பொதுவாப் பாரும்மா" என்றேன். பார்ப்போம், தானாகச் சொல்கிறாளா என்று.

என் கேள்வி என்ன என்பதை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள். அவளுடைய அப்பா அவள் பதினான்கு வயதில், உயர்நிலை இரண்டில் படிக்கும்போதே இறந்துவிட்டார். குவீன்ஸ்டவுனில் எங்கள் பழைய வீவக அடுக்குமாடி வீட்டில் அதன்பிறகு நாங்கள் இருவர் மட்டும்தான். முப்பத்தைந்து வயதானால் கல்யாணமாகாதவர்களும் தனியாக வீடு வாங்கலாம் என்பது இந்த ஊர்ச் சட்டம். அவள் பிறந்தநாள் முடிந்த மாதமே விண்ணப்பம் போட்டு, கேலாங் ஈஸ்ட் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. நான்கு பெட்டியும் ஒரு மின்விசிறியும்தான் எடுத்துப்போனாள்.

அதற்குப்பின் தீபாவளிக்கு வருவாள். இரண்டு மணி நேரம் சோபா நுனியில் உட்கார்ந்திருப்பாள். தான் குடித்த குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். சொந்த வீட்டில் பிள்ளை குவளையைக் கழுவி வைப்பதைப் பார்த்தால் வயிறு எப்படி எரியும் என்பது எனக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் குவளையைப் புத்தகத்தின்மேல் வைத்து வட்ட வட்டமாகக் கறை பண்ணுவாள், நான் கத்துவேன். அந்தக் கறைக்கு இப்போது ஏங்குகிறேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். சாப்பிட்டீங்களா, ரத்த அழுத்த மாத்திரை போட்டீங்களா, மழை பெய்யுதா. பிறகு நான் "சரிம்மா, வைக்கறேன்" என்பேன். அவள் முதலில் வைக்கவே மாட்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சும்மா இருப்பாள், மூச்சு கேட்கும். நான்தான் வைப்பேன்.

குவீன்ஸ்டவுனுக்கும் அவள் வீட்டுக்கும் ரயிலில் அரைமணி நேரம், மாறவே வேண்டாம், ஒரே பச்சைப் பாதை. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று மற்ற தாய்மார்கள் அழுவார்கள். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. ஆக, என் கேள்வி இதுதான்: என் மகள் என்னிடம் திரும்பி வருவாளா?

அன்று சீட்டுக்காரி சீட்டுகளைக் கலைக்கச் சொன்னாள். கிளி ஜோசியம் மாதிரி வேறு யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். எழுபத்தெட்டுச் சீட்டையும் நாமே கலைக்க வேண்டும், இடது கையால் மூன்றாகப் பிரிக்க வேண்டும், நாமே எடுக்க வேண்டும். எடுத்ததில் ஒன்றில், எட்டுக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, சிவப்புப் போர்வை போர்த்திய ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்து போகிறது. மேலே நிலா.

"நீங்க ரிட்டயர் ஆகிட்டீங்களா ஆன்ட்டி? ஒண்ணை விட்டுட்டுப் போற மாதிரி வந்திருக்கு."

"ஆமாம்மா" என்றேன். அது யாருடைய முதுகு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அவள் ஓய்வுக்காலம், உடல்நலம், புதுப் பொழுதுபோக்கு என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நானும் தலையாட்டிவிட்டு, இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கீழே இறங்கிக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கோப்பி ஆறியது. கெட்டிக்காரத்தனமாக ஒரு மணி நேரத்தை வீணாக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனேன். இந்தத் தடவை வாழைப்பழம் இல்லை. அவள் சீட்டை எடுக்கவே இல்லை.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. போன தடவை நீங்க என்னை டெஸ்ட் பண்ணீங்க, எனக்குத் தெரியும். நம்ம ஆளுங்க நிறையப் பேரு அப்படித்தான் வர்றாங்க. நான் மனசைப் படிக்கிறவ இல்லைலா. படம்தான் வச்சிருக்கேன். உங்க கதையை நீங்க கொண்டு வந்தாத்தான் படம் பேசும்."

தூக்கிவாரிப் போட்டது. பிறகு சொன்னேன். "என் மக திரும்பி வருவாளா?"

அதையும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. வருவாளா மாட்டாளா என்று கேட்டால் சீட்டுக்குப் பதில் கிடையாதாம். எதிரில் இல்லாத ஆளின் மனசுக்குள் எட்டிப் பார்க்கவும் அவள் சம்மதிக்க மாட்டாளாம். அது அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி என்றாள். என் கையில் இருப்பதைப் பற்றி மட்டும் கேட்கலாம். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னாள். மூன்று தடவை அடித்து எழுதினேன். கடைசியில் தாளில் நின்றது இது: "எனக்கும் என் மகளுக்கும் நடுவில் நான் வைத்திருப்பது என்ன?"

எழுதி முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

மூன்று சீட்டு. இந்தத் தடவை அர்த்தத்தை அவள் சொல்லவில்லை. "படத்துல என்ன தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று என்னிடமே விட்டுவிட்டாள். முதல் படத்தில் ஒருத்தன் கை நிறைய வாள்களை அள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, பூனை மாதிரி நழுவுகிறான். "திருடன்" என்றேன். இரண்டாவதில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண், மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்தபடி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கிட்டே வர முடியாது, அவளும் எழுந்து போக முடியாது. மூன்றாவதில் பூப்போட்ட சட்டை அணிந்த ஓர் இளைஞன் கையில் கிண்ணம். அதிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டி, ஏதோ சொல்ல வந்த மாதிரி அவனையே பார்க்கிறது. சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"திருடன் யாரு ஆன்ட்டி?"

"நான்தான்மா."

அந்த அறையில்தான் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். என் மகளுக்கு முப்பத்தொரு வயதில் ஒரு பையனைப் பிடித்திருந்தது. நல்ல பையன். மெல்பர்னில் வேலை கிடைத்து, கல்யாணம் முடிந்ததும் அங்கேயே போய்விடுவதாகத் திட்டம். இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு நான் தனியாக ஜோசியரிடம் போனேன். "தாராளமாச் செய்யலாம்மா, ரஜ்ஜு நல்லா இருக்கு" என்றார் அவர். குவீன்ஸ்டவுனுக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்குக் காலியான வீடுதான் கண்ணில் நின்றது. கதவைத் திறந்தவளிடம் சொன்னேன்: "ரஜ்ஜு தட்டுது. பையன் உயிருக்கு ஆகாதாம்."

மற்ற பொருத்தம் எது இல்லையென்றாலும் அவள் சண்டை போட்டிருப்பாள். அதனால்தான் அதைச் சொன்னேன். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து அங்கேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கூடவே வைத்துக்கொள்ளத்தான் பொய் சொன்னேன். அந்த வீட்டில் நான்கு வருஷமாக நான் மட்டும் இருக்கிறேன்.

சீட்டுக்காரி ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தாள். நல்லபடியாக முடியுமா என்று இன்னொரு சீட்டு எடுத்துப் பார்க்கலாமா என்று கெஞ்சினேன். "வேணாம் ஆன்ட்டி. பதில் வந்த பிறகு திரும்பத் திரும்பக் கேட்டா, பிடிச்ச சீட்டு வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டேதான் இருப்போம்" என்று சீட்டுக்கட்டை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளின் போனுக்குக் காத்திருக்காமல் ரயில் ஏறினேன். அவள் வீட்டுப் பக்கத்துச் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்து போனேன். கதவைத் திறந்தவள், "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று பதறினாள். வீடு சின்னது. மேசைமேல் ஒரு புத்தகம், அதன்மேல் குவளை, அட்டையில் வட்ட வட்டமாகக் கறை. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"அந்த ஜோசியர் ரஜ்ஜு தட்டுதுன்னு சொல்லவே இல்லடி. நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு. நான்தான் பொய் சொன்னேன். நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்துட்டேன்."

அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்மா."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். தோழி ஒருத்திக்குப் பொருத்தம் பார்க்கத் துணைக்குப் போனது அதே ஜோசியரிடம்தானாம். சும்மா தன் போனில் இருந்த பழைய இரண்டு ஜாதகத்தையும் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்டிருக்கிறார். அவன் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. இவள் வீட்டுக்கு விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதம் முன்பு.

"அவன் உயிரோட இருக்கணும்னுதான்மா விட்டேன்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேடி. நாலு அறை அறைஞ்சிருக்கலாமே. அஞ்சு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

வேறு யாரிடம் கற்றிருப்பாள்? ஞாயிறு தவறாமல், நான் போனை வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் அவள் வைக்காமல் இருந்தாளே, அந்த மூச்சுச் சத்தம் நினைவுக்கு வந்தது. நான்கு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் நான்தான் முதலில் வைத்திருக்கிறேன்.

மன்னிச்சிடும்மா என்றேன். "இன்னைக்கு முடியாதும்மா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா உக்காருங்க. சோறு வச்சிருக்கேன்."

சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவ எழுந்தேன். அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிட்டு, "இருக்கட்டும்மா, விடுங்க" என்றாள்.