தீவில் நான் பிடுங்கிய சவுக்கு

சிட்னிக்கு வடக்கே ஓர் ஏரித் தீவு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே களை பிடுங்கப் போகும் கூட்டத்தில் நானும் கணவரும் சேர்ந்து ஒரு வருடமாகிறது. டூங்கபியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விடியவே புறப்பட்டால்தான் படகைப் பிடிக்கலாம்.

முன்பு அந்தத் தீவின் பெரிய யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொப்புகளை அப்படியே போட்டுவிட்டார்கள். நிழல் போன இடமெல்லாம் பற்றை முளைத்துக் காய்ந்தது. பிறகு தீ வந்தபோது கேட்க வேண்டுமா? மிச்சம் நின்ற மரங்களையும் தின்றுவிட்டது. இப்போது தூரத்திலிருந்து பார்க்கத் தீவு பச்சைதான். இறங்கி நடந்தால் லன்டானா என்கிற உண்ணிப் பற்றையும் தலைக்குமேல் வளர்ந்த வாட்டில் என்கிற வேல மரமும்தான். காடு திரும்பிவிட்டது என்று படகில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் மேற்குச் சரிவு எங்கள் பங்கு. உண்ணியை மட்டும் பிடுங்குங்கள், மற்றதைக் கேளுங்கள் என்று குழுத் தலைவி சொன்னார். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. உண்ணிக்கு நடுவே கணுக்கால் உயரத்தில் சவுக்குக் கன்றுகள் நின்றன. எங்கள் ஊர்க் கடற்கரையில் சவுக்கு அரசாங்கம் கொண்டுவந்து நட்ட மரம். கீழே புல்லும் முளைக்காது. இங்கேயும் யாரோ கொண்டுவந்ததுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"கேட்டுப்போட்டுப் பிடுங்குமன்," என்றார் கணவர்.

"உது சவுக்கு. எனக்குத் தெரியாதே?"

மத்தியானத்துக்குள் இரண்டு சாக்கு நிரப்பினேன்.

தலைவி சாக்கைத் திறந்து ஒரு கன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். இது இந்த மண்ணின் மரம் என்றார். தாய்மரங்கள் எல்லாம் தீயில் செத்துவிட்டன, அவற்றின் காய்கள் வெடித்துச் சாம்பலில் விழுந்த விதைகள்தான் இவை, இனி அந்தச் சரிவில் விதை இல்லை என்றார். இந்த விதையைத் தின்றே வாழும் கறுப்புக் கொக்கட்டூக் கிளி ஒன்று இருக்கிறதாம். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாக்கை இழுத்துக்கொண்டு சரிவுக்கு ஓடினேன். வேர்கள் நூலாகக் காய்ந்திருந்தன. ஆனாலும் ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டேன். போத்தலில் இருந்த குடிதண்ணீரையும் ஊற்றினேன்.

நேற்றுப் போய்ப் பார்த்தோம். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வெறும் சரிவில் நின்று அழுதேன்.

"விடும். நீர் தெரியாமல் செய்ததுதானே," என்றார் கணவர்.

"இல்லையப்பா. தெரியும் எண்டு நினைச்சுத்தானே செய்தனான்."