பன்னிரண்டாம் வால்வை மூடியவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மதியம் 2:17-க்கு.

என் பெயர் ரலிட்சா. டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் அணுமின் நிலையத்தில், உலையை இயக்கும் உரிமத்துக்கான தேர்வு அன்று எனக்கு. தேர்வு நிஜ உலையில் நடக்காது, சிமுலேட்டரில் நடக்கும். பொத்தான், விளக்கு, முள் எல்லாம் நிஜ கன்ட்ரோல் ரூம் மாதிரியே இருக்கும். பின்னால் இருப்பது கம்ப்யூட்டர்தான். ஓடும் நேரம் மட்டும் நிஜம். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தேன். ரொம்ப யோசிக்கிறேனாம், கை வேகம் போதாதாம். இந்த முறையும் போனால் அவ்வளவுதான், கடைசிவரை அலுவலகத்தில் கோப்பு புரட்ட வேண்டியதுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தேர்வு நடத்துபவர் லூபென். டர்பைன் கூடத்து ஆள், தீயணைப்பு, டாக்டர் என்று யாருக்குப் போன் போட்டாலும் எடுப்பது அவர்தான். குரலை மாற்றி மாற்றிப் பேசுவார். தேவைப்பட்டால் இருமவும் செய்வார். அந்தப் போனின் கம்பி அவர் மேசைவரைக்கும்தான்.

2:16. நீராவிக் குழாயில் கசிவு. மணி அலறியது. பன்னிரண்டாம் வால்வை ஒரு ஆள் போய்க் கையால் மூட வேண்டும். போனை எடுத்தேன்.

"டர்பைன் கூடம். சாங்கோ பேசறேன்."

கேட்டறியாத குரல். பின்னால் 'ம்ம்ம்ம்...' என்று இயந்திர இரைச்சல். லூபென் இன்று ரொம்பத்தான் மெனக்கெடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வால்வு பன்னெண்ட மூடுங்க."

"காலைலேருந்து அந்தக் குழாய்ச் சத்தமே சரியில்லம்மா. மேல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. போங்க!"

"சரிம்மா. வால்வு பன்னெண்டு. மூடறேன்."

ரிசீவரை எங்கோ வைக்கும் சத்தம்... இரும்புப் படியில் காலடி... டங்... டங்... டங்...

நாற்பது நொடி.

பச்சை விளக்கு எரிந்தது. வால்வு மூடிவிட்டது.

ரிசீவரில் 'உஸ்ஸ்ஸ்ஸ்...'

ஒரு அலறல்.

பிறகு... ஒன்றுமில்லை.

லூபென் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாருகிட்டம்மா பேசின?"

"உங்ககிட்டதான்!"

"இங்க போன் மணியே அடிக்கல. நான் எதையும் தொடல, வால்வு தானா மூடுச்சு. கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிடறேன். நீ பாஸ். வாயத் தொறக்காம வீட்டுக்குப் போ."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அப்போது சந்தோஷம்தான்.

எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு வயதான பெண், நினைவு நாள் அறிவிப்பைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு படம். சாங்கோ. டர்பைன் கூடத் தொழிலாளி. இன்றோடு இருபத்தொன்பது ஆண்டுகள்.

படத்துக்குக் கீழே இருந்த பெயரை இன்னொரு முறை படித்தேன்.

"எப்படி... இறந்தாரு?"

"என் வீட்டுக்காரரும்மா. நீராவி வெடிச்சு. கன்ட்ரோல் ரூம்லேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணினாளாம். இவரு தயங்கியிருக்காரு, அவ விரட்டியிருக்கா. கூட இருந்தவங்க சொன்னாங்க. ஆனா அப்ப அந்த ரூம்ல பொண்ணுங்க யாருமே வேலை பாக்கல. எத்தன விசாரணை... யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

எனக்கு இருபத்தாறு வயது.

"இந்த மூலையக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்றார்.

பிடித்துக்கொண்டேன். காகிதம் கோணலாக ஒட்டியது.